என் முறை நாளில் என் தங்கை விழுந்தது பற்றி

என் பெயர், வயது, விலாசம் மூன்றையும் முதல் தாளில் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். சரியாக இருக்கிறது. வயது நாற்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது, ஒன்று கூடவும் இருக்கலாம், என்னைப் பெற்றவள் ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொன்னதில்லை. ஐந்தாவது வரை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். வீட்டுக்காரர் இல்லை, பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற சலவைக் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே என்னைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். என் கூடப் பிறந்த தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். அவளைச் சின்னக்கா என்பார்கள். இறந்து போனது அவள். என்னைவிட ஒன்பது வயது சிறியவள், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

சென்ற மாதம் இதே போலீஸ் நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். என் தங்கை வேலை இடத்தில் மயங்கி விழுந்தபோது வண்டி கூப்பிடச் சொல்லி நான் காலைப் பிடித்துக் கெஞ்சியதாகவும், சூப்பர்வைசர் மறுத்துத் திட்டியதாகவும், அதனால்தான் உயிர் போனதாகவும் அதில் இருக்கிறது. அதன் பேரில் அவரைப் பிடித்து இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. நான் சொன்னது பொய். நடந்ததை நடந்தபடி சொல்லி அதை மாற்றி எழுத வந்திருக்கிறேன். என்னை யாரும் கூட்டி வரவில்லை, யாரும் மிரட்டவில்லை. இதனால் என் மேலேயே வழக்கு வரலாம் என்று அதிகாரி இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். புரிந்துதான் சொல்கிறேன்.

எங்கள் வேலை ரோலரில். ஈரத்தோடு வரும் விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். ஆவியில் கொதிக்கிற உருளைகளுக்கு நடுவில் போய் அது அந்தப் பக்கம் காய்ந்து வரும். அங்கே இரண்டு பேர் வாங்குவார்கள், அடுத்த இரண்டு பேர் மடிப்பார்கள். ஆக ஆறு பொம்பளைகள். கொடுக்கிற பக்கம் நானும் என் தங்கையும். எட்டு வருடமாக ஒரே விரிப்பின் இரண்டு முனை. நான் இந்த முனையை உதறினால் அந்த முனையில் அவளுக்குத் தெரியும் நான் கோபமாக இருக்கிறேனா இல்லையா என்று. அந்தக் கூடத்தில் ஃபேன் கிடையாது. காற்று அடித்தால் துணி மடங்கி உருளையில் சிக்கும் என்பார்கள். காலை எட்டுக்கு ரோலர் ஓடினால் ஒன்றரைக்குத்தான் நிற்கும். நடுவில் ஒன்றுக்குப் போவதென்றால்கூட ஒருத்தி போய் வந்த பிறகுதான் அடுத்தவள். உட்கார ஸ்டூல் கிடையாது. ஒன்றே ஒன்றுக்குத்தான் ரோலரை நிறுத்துவார்கள். ஆள் விழுந்தால் நிறுத்துவார்கள். நிறுத்தினால் உருளையைத் தூக்கி, துணியை எடுத்து, மறுபடி சூடேறி ஓட பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடம் யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது.

மூன்று வருடம் முன்னால் ஒரு வெயில் காலத்தில் மடிக்கிற பக்கம் ஒருத்தி நிஜமாகவே மயங்கி விழுந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை, காலையில் வெறும் வயிற்றோடு வந்திருந்தாள். ரோலர் நின்றது. நாங்கள் ஆறு பேரும், விழுந்தவளும் சேர்த்துத்தான், துணி மூட்டை மேல் சாய்ந்து பத்து நிமிடம் மூச்சு விட்டோம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது யாருக்கும் கால் கடுக்கவில்லை. அதன் பிறகு ஒரு வாரம் கழித்து, நாளைக்கு நான் விழுகிறேன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் விழுந்தேன். இதை ஆரம்பித்தது நான். என் தங்கை இல்லை, வேறு யாரும் இல்லை.

நாங்கள் இதற்கு டிராமா என்று பெயர் வைத்திருந்தோம். எழுதுகிற அதிகாரி இதை நடிப்பு என்று போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நடிப்பு சினிமாக்காரர்கள் செய்வது, அதைப் பார்த்துக் கை தட்டுவார்கள். டிராமா எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வது. பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று வயிற்றைப் பிடித்தால் டிராமா. மாமியார் படியேறும்போது மூச்சு வாங்கினால் டிராமா. என் தங்கைக்கு மாதா மாதம் தலை வெடிக்கிற மாதிரி வலி வரும், இருட்டு அறையில் படுத்துக் கொள்வாள், அதற்கும் அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஆரம்பிச்சுட்டாளா டிராமாவ?" என்பார். கெட்ட மனுஷர் இல்லை, சும்மா சொல்வது. நானும் சொல்வேன். தினமும் நாலு தடவையாவது அந்த வார்த்தை என் வாயில் வரும். ஒருவர் வலி என்று சொன்னால் உடனே எழுந்து போக வேண்டும், அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்கலாம். இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

டிராமாவுக்கு முறை உண்டு. வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது. ஆறு பேரும் வரிசையாக விழ வேண்டும், ஒருத்தியே விழுந்தால் சந்தேகம் வரும். உருளைப் பக்கம் சாயக் கூடாது, இடது பக்கம் ஈரத்துணி மூட்டை மேல் சாய வேண்டும். பக்கத்தில் இருப்பவள் கத்த வேண்டும். ரோலர் மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டதும் மெல்ல எழுந்து உட்கார வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், விழுந்தவள் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை மூடி வைத்துக் கொள்ள வேண்டும். அப்படி இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை, டிராமாதான் என்று அர்த்தம். விரல் விரிந்து கிடந்தால் நிஜம், ஓடி வா என்று அர்த்தம். இந்த அடையாளத்தைச் சொன்னது என் தங்கை. "அக்கா, என்னிக்காவது ஒருத்தி நெஜமாவே விழுந்துட்டா எப்படித் தெரியும்?" என்று கேட்டு அவளே யோசித்துச் சொன்னாள். மூன்று வருடமும் அந்த அடையாளம் தப்பியதில்லை.

எங்கள் சூப்பர்வைசரை நாங்கள் விசில் என்று சொல்வோம். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், ஒரு நீள விசில் ஊதினால் ரோலர் நிற்கும். அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. கத்துவார். நேரம் போனால் முகத்துக்கு நேராகக் கடிகாரத்தைக் காட்டுவார். எங்கள் விஷயம் அவருக்குத் தெரியும், பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். காலையில் உள்ளே வரும்போதே, "இன்னிக்கு யாரு டிராமா?" என்று கேட்பார். மடிக்கிற பக்கம் இருக்கிறவளுக்கு ரேடியோ என்று பெயர், வாய் மூடாது. அவள், "உங்களுக்கு ஃப்ரீ டிக்கெட்டு சார், முன் வரிசையில நில்லுங்க" என்பாள். அவருக்கே சிரிப்பு வந்துவிடும். ஆனால் மேலிடத்தில் அவரைக் கேட்டிருக்கிறார்கள் போல, அந்த வாரம் திங்கட்கிழமை எங்கள் ஆறு பேரையும் நிற்க வைத்து, "இனிமே விழறவங்க அவங்கவங்க வீட்டுல போய் விழுங்க" என்று சொன்னார். முதல் வாக்குமூலத்தில் இந்த வார்த்தையை என் தங்கை விழுந்து கிடந்தபோது சொன்னதாக நான் சொல்லியிருக்கிறேன். அப்போது சொல்லவில்லை. திங்கட்கிழமை சொன்னார். என் தங்கை விழுந்தது வியாழக்கிழமை.

அந்த வியாழக்கிழமை என் முறை.

காலையில் நானும் என் தங்கையும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். எங்களுக்கு ஒரே வாசல், இரண்டு கதவு. அவள் மகளுக்குத் தலை பின்னிக் கொண்டே, "அக்கா, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, ஒடம்பெல்லாம் அனலா இருக்கு" என்றாள். "எம் முறை இன்னிக்கு, நீ எதுக்குடி இப்பவே ஒத்திகை பாக்கற?" என்று கேட்டேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்னலை முடித்தாள். அதன் பிறகு பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸில் அவள் என் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கு முந்தின முறை நான் விழுந்தபோது மூட்டை விலகி முட்டி தரையில் இடித்து வீங்கியிருந்தது. "நீ விழ வேணாம், முட்டி போயிடும். நான் பாத்துக்கறேன்" என்றாள். "உன் வேலையப் பாரு" என்றேன். அவள் அப்படிச் சொல்வது புதிது இல்லை. அதற்கு முன் இரண்டு தடவை என் முறையை அவள் விழுந்திருக்கிறாள்.

அன்று வெயில் அதிகம். ஆஸ்பத்திரி லோடு இரட்டை மடங்கு வந்திருந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் விழலாம் என்று நான் நினைத்திருந்தேன், ரேடியோவுக்குக் கண் காட்டியும் விட்டேன். அதன் பிறகு ஒரு விரிப்பைக் கொடுத்துக் கொண்டிருக்கும்போது அவள் பக்க முனை கீழே போனது. நான் உதறினேன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. திரும்பினால் அவள் சாய்ந்து கொண்டிருந்தாள், இடது பக்கம், மூட்டை மேல், எப்படி விழ வேண்டுமோ அப்படியே. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. என் முறையை எடுத்துக் கொண்டாளே, சொன்னால் கேட்க மாட்டாள் என்று எனக்குக் கோபமும் வந்தது, முட்டி தப்பித்தது என்று நிம்மதியும் வந்தது. நான் கத்தினேன். கத்த வேண்டியது பக்கத்தில் இருப்பவள் வேலை என்பதால் கத்தினேன். விசில் ஊதினார், ரோலர் நின்றது. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டைவிரல் உள்ளே மடங்கி முஷ்டி இறுகி இருந்தது.

எப்போதும் ஒரு கையில்தான் மடக்குவோம். இரண்டு கையும் மடங்கியிருந்ததை நான் பார்த்தேன். நன்றாகச் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நடந்தது முதல் வாக்குமூலத்தில் தலைகீழாக இருக்கிறது. சூப்பர்வைசர் கிட்டே வந்தார். மற்ற நாளில் தூர நின்று கடிகாரம் பார்ப்பார். அன்று பேன்ட் நனைவதைப் பார்க்காமல் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் முகத்தைக் குனிந்து பார்த்தார். அவள் கண் பாதி திறந்திருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காதபடி என்னிடம், "நெஜமா?" என்று கேட்டார். நான் அவள் முந்தானையை இழுத்து விட்டேன். "பெரியக்கா, ஒன்னத்தான் கேக்கறேன், வண்டியக் கூப்பிடவா?" என்றார். துணி ஏற்றுகிற வேன் வாசலிலேயே நின்றிருந்தது, ஆஸ்பத்திரிக்கு அதில் பத்து நிமிடம். "வேணாம் சார்" என்றேன். "மொகம் ஒரு மாதிரி இருக்கே" என்றார். "அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சிடுவா" என்றேன். அவர் எழுந்து வேன் டிரைவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார், பிறகு கையை இறக்கிக் கொண்டு மறுபடி என்னிடம் வந்து, "ஒன் தங்கச்சி. நீ சொல்றதுதான்" என்றார். "எந் தங்கச்சிய எனக்குத் தெரியாதா சார்?" என்று கேட்டேன். டிராமா நாளில் எப்போதும் சிரிக்கிற சிரிப்போடு கேட்டேன், அவருக்கு அந்தச் சிரிப்பு பழக்கம். அவர் உதட்டைக் கடித்துக் கொண்டு, "ஒங்க டிராமாவுக்கு ஒரு அளவே இல்லயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் வேண்டாம் என்று சொன்னேன் என்று அதிகாரி கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் பார்த்துவிட்டு இவளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்து விடுவார், மூன்று வருட டிராமாவும் வெளியே வந்து ஆறு பேருக்கும் வேலை போய்விடும் என்று பயந்தேன். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் அப்போது என் பயம்.

அதன் பிறகு பத்து நிமிடம் ஆனது. ரோலர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. ரேடியோ அங்கிருந்து, "பெரியக்கா, ஒந் தங்கச்சிக்கு அவார்டு குடுக்கணும்டி, சத்தம் கேட்டும் அசையறாளா பாரு!" என்றாள். இன்னொருத்தி, "கூட அஞ்சு நிமிஷம் சம்பாரிச்சுக் குடுக்கறா, விடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தப்பு அவர்கள் மேல் இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன், அவர்கள் தூரத்தில் இருந்தார்கள். இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் போன பிறகு, போதும் என்று சொல்வதற்காக அவள் தொடையில் கிள்ளினேன். அசையவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினேன். கழுத்தில் கை வைத்தேன். ரோலரிலிருந்து வெளியே வருகிற விரிப்பு மாதிரி இருந்தது, அந்தச் சூடு, அந்த வறட்சி, ஒரு சொட்டு வேர்வை இல்லை. அந்தக் கூடத்தில் வேர்க்காத உடம்பை நான் பதினோரு வருடத்தில் தொட்டதில்லை. முஷ்டியைப் பிரித்துப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. அப்போது மணி பன்னிரண்டு முப்பது. அதன் பிறகு நான் கத்தினேன். முன்னால் கத்தியதும் அதே தொண்டையில்தான், அதனால் முதலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடி வந்தது சூப்பர்வைசர். அவளை வேனில் தூக்கிப் போட்டது அவர். நான் வேனில் ஏறுவதற்கு முன்னால் அவர் ஏறியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் உடம்புச் சூடு மூளைக்கு ஏறிவிட்டது, வலிப்பும் வந்திருக்கிறது, அதில்தான் கை இறுகியது என்று டாக்டர் சொன்னார். எப்போது விழுந்தாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் தங்கை வீட்டுக்காரர், அவர் பஸ் ஓட்டுகிறவர், யூனிஃபார்மோடு ஓடி வந்து சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்தார். "வண்டி கூப்பிட்டியாடா?" என்று கேட்டார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து கொண்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அடி விழுந்தது. அதன் பிறகு ரேடியோ என்னைத் தனியாக இழுத்துப் போய், "உண்மையச் சொன்னா செத்தவளுக்குத்தான் கெட்ட பேரு. டிராமாக்காரி டிராமாவுலயே போனான்னு ஊரே பேசும். அது வேணுமா? அந்தாளு திங்கக்கிழம சொன்ன வார்த்த போதும். அத இன்னிக்குச் சொன்னான்னு சொல்லு" என்றாள். நிலையத்தில் அப்படியே நான் சொன்னேன். மற்ற நாலு பேரும் நான் சொன்னதையே சொன்னார்கள்.

அவளை வீட்டுக்குக் கொண்டு வந்து கூடத்தில் படுக்க வைத்திருந்தோம். நர்ஸ் விரல்களைப் பிரித்து நீட்டி விட்டிருந்தார். நான் பார்க்கும்போது ஒரு கட்டைவிரல் மறுபடி கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. ஆட்கள் வாசலுக்குப் போன சமயம் பார்த்து அவள் காதுக்குப் பக்கத்தில் போய், "போதும்டி, எல்லாரும் போயாச்சு, எந்திரி" என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குத் துக்கம் வரவில்லை, ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. விடியும்போது கண் விழித்தால், இந்த இருபத்து மூன்று நாளும், முதல் நினைப்பு அதுதான். ரொம்ப நேரம் படுத்துவிட்டாள், சத்தம் போட வேண்டும் என்று எழுந்து உட்காருகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புரள்கிற கட்டில் சத்தம் கேட்கிறது. அந்தக் கட்டிலைப் பிரித்து வெளியே வைத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் மகளுக்கு எட்டு வயது. அப்பா வண்டிக்குப் போனால் என்னிடம்தான் இருக்கும். போன வாரம் சனிக்கிழமை அந்தப் பிள்ளை காலையிலிருந்து மூலையில் உட்கார்ந்திருந்தது. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தொட்டால் கொதிக்கிறது. "எப்பலேர்ந்துடி?" என்றேன். "நேத்துலேர்ந்து." "ஏன் சொல்லல?" அது என் முகத்தையே பார்த்துவிட்டு, "நெஜமாத்தான் பெரியம்மா. சத்தியமா டிராமா இல்ல. வேணும்னா கையப் பாரு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டியது. அம்மா எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக் கொண்டு செருப்பு போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சாதாரணக் காய்ச்சல், மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஒரு ராத்திரி முழுக்க அது யாரிடமும் சொல்லாமல் படுத்திருக்கிறது.

அதன் பிறகு திங்கட்கிழமை சூப்பர்வைசரின் சம்சாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவைப் பாதி திறந்து நின்றேன். அவர் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று, "ஒங்க துக்கத்துல வந்து நிக்கறது தப்புதான். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார். "அவரப் பாக்கப் போகும்போதெல்லாம், வண்டி கூப்பிடவான்னு ரெண்டு தடவ கேட்டேன், கேட்டேன்னு அழறார். வீட்டுல அவர் அழுது நான் பாத்ததில்ல. எம் மாமனார், மாமியார்கூட நம்பல, மாட்டிக்கிட்டதும் டிராமா போடறான்னு சொல்றாங்க. எனக்கும் தெரியல. நான் அவர் கூட வாழ்ந்தாகணும். கேட்டாரா, கேக்கலயா? நீங்க சொல்றத நான் கோர்ட்டுல சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

நான் கேட்டார் என்றேன். ஒரே வார்த்தை. அவர் கதவு நிலையைப் பிடித்துக் கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "நல்லாருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு நேற்று என் தங்கை வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலையில் வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக் கொண்டிருந்தார். "தம்பி, வண்டி வேணாம்னு சொன்னது நான்" என்று ஆரம்பித்து, முறை, அடையாளம், கிள்ளியது வரைக்கும் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டுக் கொண்டிருந்தார். கடைசியில், "இத எங்கிட்ட ஏன் சொன்னீங்கக்கா? அந்தாளு மேல இருந்த கோவத்துலதான நான் எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு, "நானும் அவள அப்படித்தான சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார். பொத்தானைத் தப்பாகப் போட்டுக் கொண்டு போனார். சாயங்காலம் வந்து மகளின் துணியையும் புத்தகத்தையும் என் பக்கத்திலிருந்து எடுத்துப் போனார். சத்தம் போடவில்லை. பிள்ளையை இனி என்னிடம் விடுவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதாகத் தெரியவில்லை. ரேடியோவிடமும் மற்றவர்களிடமும் காலையில் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன். ரேடியோ மண்ணை வாரித் தூற்றினாள். அவள் தூற்றியது நியாயம்தான், அவளுக்கு மூன்று பிள்ளை.

இந்த வாக்குமூலத்தால் சூப்பர்வைசரை வெளியே விடுவார்களா என்று கேட்டேன். அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும், ஆனால் இது போய்ச் சேரும் என்று அதிகாரி சொன்னார். இன்றைக்கே போய்ச் சேருமா என்று கேட்டேன். சேரும் என்றார்.

எழுதி முடித்து முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். கேட்டுக் கொண்டு வரும்போது ஒன்று விட்டுப்போனது தெரிந்து, சேர்க்கச் சொன்னேன். வழக்குக்கு அது தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். இருந்தாலும் எழுதச் சொன்னேன். ரோலர் நின்றிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தாகமாக இருந்தது, என் பாட்டில் காலி. என் தங்கையின் பாட்டில் அவள் தலைமாட்டில் இருந்தது, முக்கால்வாசி தண்ணீர், காலையில் நிரப்பியது. இவள்தான் படுத்திருக்கிறாளே, இவளுக்கு எதற்கு என்று அதை எடுத்து அண்ணாந்து முழுவதும் குடித்தேன். குடித்துவிட்டு, அவளுக்குக் கேட்கட்டும் என்று, "எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு" என்று சொன்னேன்.

இது என் சொந்த அறிவோடு நான் சொல்ல எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. முதலில் கொடுத்ததை விட்டுவிட்டு இதையே என் வாக்குமூலமாக வைத்துக் கொள்ளும்படி கேட்டு, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)